20 கிலோ அரிசியில் ஒரு மணி

பிரிஸ்பேன்
அக்டோபர், ஞாயிறு இரவு

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். நீ, அம்மா, ஆயா, தம்பி எல்லாரும் நலம்தானே? தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. எங்கள் பேராசிரியை ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நீங்கள் செய்யும் ஆய்வை, அறிவியல் படிக்காத வீட்டு ஆள் ஒருவருக்கு, உங்கள் சொந்த மொழியில் கடிதமாக எழுதி அனுப்புங்கள் என்றார். கூடப் படிக்கும் சீனாக்காரப் பெண் அவளுடைய பாட்டிக்கு எழுதுகிறாள். நான் உனக்கு. தம்பியைப் படித்துக்காட்டச் சொல். கண்ணாடி எடுக்கச் சோம்பல்பட்டு டிவி மேலேயே வைத்துவிடுவாய், தெரியும்.

ஊர் சமாசாரம் கொஞ்சம். ஜக்கரண்டா மரமெல்லாம் ஊதாவாகப் பூத்துக் கிடக்கிறது. அது பூத்துவிட்டால் பரீட்சை வந்துவிட்டது, இனிமேல் படித்து ஒன்றும் ஆகாது என்று இங்கே பசங்கள் சொல்வார்கள். பஸ், ரயில், ஆற்றில் ஓடும் படகு, எதில் ஏறினாலும் 50 சென்ட்தான். குப்பைத்தொட்டியைக் கிளறுவதற்கு நம்மூரில் காக்கா, இங்கே நீள மூக்கு வைத்த வெள்ளை அரிவாள்மூக்கன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. நம்மூர் பர்மா நூடுல்ஸ் அத்தோ மட்டும் கனவில் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரைச் சேற்றில் துத்தநாகம், அதாவது ஜிங்க், எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அதை மற்றவருக்குச் சொல்லக் கற்றுக்கொண்ட கதை முதலில். வரும்போது ஆங்கிலத்தை நினைத்துத்தான் பயந்தேன். தமிழ் மீடியம், அதுவும் வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பொண்ணு, வெள்ளைக்காரன் முன்னால் என்ன பேசப்போகிறோம் என்று விமானத்தில் ஏறும்போதே வயிறு கலங்கியது. வந்த பிறகு பார்த்தால், என்னைவிடத் தப்பாக ஆங்கிலம் பேசுகிற வியட்நாம் பையன் ஒருவன் ஆய்வகத்தில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்கிறான். அப்போதுதான் சந்தேகம் வந்தது, என் பிரச்சினை வேறு எங்கேயோ இருக்கிறது என்று.

பி.எஸ்சி.யில் மூன்று வருடம் டைட்ரேஷன் செய்தேனே, ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு அளக்கிற சோதனை, நினைவிருக்கிறதா? ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தது நீதான். உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதே. ப்யூரெட் என்கிற கண்ணாடிக் குழாயில் பார்க்கும் அளவு மூன்று தடவையும் ஒரே மாதிரி வர வேண்டும். வராவிட்டால் வந்த மாதிரி எழுதிவிடுவோம். செய்முறை, கணக்கு, முடிவு எல்லாம் சீனியர் நோட்டில் தயாராக இருக்கும். என் அளவு ஏன் வேறாக வந்தது என்று மூன்று வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இங்கே முதல் ஆய்வறிக்கையில் எல்லாவற்றையும் பளிச்சென்று எழுதிக் கொடுத்தேன். கடைசிப் பகுதியை விவாதம் என்பார்கள். அதில் நான் இரண்டே வரி எழுதியிருந்தேன், சோதனை வெற்றிகரமாக முடிந்தது என்று. திருத்தியவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் அந்தப் பகுதிக்குத்தான். எவ்வளவு பிசகு, எதனால் பிசகு, அடுத்த தடவை எதை மாற்றுவாய் என்று அதில் எழுத வேண்டுமாம். பிசகியதை மறைக்கத்தானே நாம் பழகியிருக்கிறோம்!

அதைவிடப் பெரிய அடி போன செமஸ்டரில். பத்து நிமிடப் பேச்சு. நான் 24 ஸ்லைடு தயாரித்து, ஒவ்வொன்றிலும் எழுத்தை நிரப்பி, திரையைப் பார்த்தே வாசித்தேன். பதினோராவது ஸ்லைடில் மணி அடித்துவிட்டார்கள். அப்புறம் ஒருவர் கேள்வி கேட்டார்: "பிளாங்க் எப்படி இருந்தது?" பிளாங்க் என்றால் மண்ணே போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் வைத்துச் செய்யும் சோதனை. நம் பாத்திரத்திலோ தண்ணீரிலோ அழுக்கு இருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும். அவர் பேசிய வேகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே "யெஸ், யெஸ்" என்றேன். எப்படி இருந்தது என்று கேட்டால் ஆமாம் என்கிறாள்! யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. அன்றைக்கு ராத்திரி போனில் தலைவலி என்று சொன்னேனே, அது இதுதான்.

மாணவர்களுக்கு எழுத்திலும் பேச்சிலும் உதவ இங்கே ஓர் இடம் இருக்கிறது. கட்டணம் இல்லை. என் இலக்கணத்தைத் திருத்தித் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். அங்கிருந்த அம்மா தாளைத் தொடவே இல்லை. "படிக்காமல், என்னைப் பார்த்துச் சொல். நீ என்ன கண்டுபிடித்தாய்?" என்றார். எனக்கு வாயே வரவில்லை. எந்த வரியில் என் முடிவு இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, நைனா. கேள்வி புரியாவிட்டால் "நீங்கள் கேட்பது இதுதானா?" என்று என் வார்த்தையில் திருப்பிக் கேட்கலாம், அது மரியாதைக் குறைவு இல்லை என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

வெளியே வந்து படகுத்துறையில் உட்கார்ந்தபோது உன் ஞாபகம் வந்தது. காசிமேட்டுத் துறைமுகத்தில் இன்ஜின் பழுது என்று போட்டுக்காரர் வந்து நின்றால் நீ எப்படிப் பேசுவாய்? "நாளைக்குக் கடலுக்குப் போகலாம். மூவாயிரம் ஆகும். ஃபில்டரில் தண்ணி." அவ்வளவுதான். டீசலில் தண்ணீர் எப்படி இறங்கியது, எந்த வாஷர் தேய்ந்தது என்பதெல்லாம் அவர் கேட்டால் பிறகு. நான் செய்ததோ, இன்ஜினைக் கழற்றி ஒவ்வொரு நட்டாகக் காட்டிவிட்டு, படகு ஓடுமா ஓடாதா என்று சொல்லாமலே இறங்கிவிட்டேன். இப்போதெல்லாம் ஸ்லைடுக்குத் தலைப்பு வைக்கும்போது "முடிவுகள்" என்று எழுதுவதில்லை. "வடிகால் வாயில் துத்தநாகம் அதிகம்" என்று முழு வாக்கியமாகவே போட்டுவிடுகிறேன்.

இன்னொரு பள்ளிக்கூடம் நான் வேலை செய்கிற மீன் கடை. மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நான் சனிக்கிழமை மட்டும் போகிறேன். இங்கே பாரமண்டி என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்களே, அது நம்ம கொடுவாதான். சதையை மட்டும் சீவி எடுத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் போடுகிறார்கள். பார்க்க மனசு கேட்கவில்லை. "எனக்குத் தருவீர்களா?" என்றேன். முதலாளி எதற்கு என்றார். குழம்புக்கு என்றேன். எப்படி வைப்பாய் என்றார். புளியே பார்க்காத மனிதருக்குப் புளிக்கரைசல் என்ன, எப்போது ஊற்றணும், தலை உடையாமல் எப்படிக் கிளறணும் என்று கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறேன். முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அடுத்த வாரம் அவர் வைத்துப் பார்த்துவிட்டு, "நீ உப்பைச் சொல்லவே இல்லை" என்றார்!

இப்போது என் ஆய்வு. எண்ணூர் முகத்துவாரத்தில் அலையாத்தி மரம் நிற்குமே, அதே இனம் இங்கே ஆற்றங்கரையிலும் நிற்கிறது. மழைநீர் வடிகால் வந்து விழும் இடத்துச் சேற்றையும், வடிகால் இல்லாத இடத்துச் சேற்றையும் எடுத்து வந்து, அமிலத்தில் கரைத்து, எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்று பார்க்கிறேன். டயர் ரப்பரில் துத்தநாக ஆக்சைடு கலப்பார்கள். டயர் தேயத் தேய அந்தத் தூசி ரோட்டில் படிந்து மழையோடு ஆற்றுக்குப் போகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இருக்குமா?

எவ்வளவு கொஞ்சம் என்பதை எப்படிச் சொல்வது? பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் உனக்கும் புரியாது, எனக்கும் கண்ணில் தெரியாது. ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி போடுகிறார்கள் இல்லையா? ஓர் அரிசி மணி ஏறக்குறைய 20 மில்லிகிராம். அந்த மூட்டை முழுக்க ஒரே ஒரு மணி, அதுதான் பத்து லட்சத்தில் ஒன்று. எங்கள் கருவி அந்த மாதிரி ஆயிரம் மூட்டையைக் கொட்டினாலும் அதிலிருந்து ஒரு மணியைக் கண்டுபிடித்துவிடும். இதை இங்கே வகுப்பில் சொன்னேன், ரேஷன் என்றால் என்ன என்று கேட்டார்கள். அவர்களுக்காக ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் அரை டீஸ்பூன் என்று மாற்றிக்கொண்டேன். ஆயிரம் மூட்டைக் கணக்கும் அதுவும் ஒன்றுதான்.

"டயரிலிருந்துதான் வருகிறது என்று இது நிரூபிக்கிறது" என்று எழுதியிருந்தேன். பேராசிரியை 'நிரூபிக்கிறது' என்பதைச் சுழித்துவிட்டார். இந்த ஊரில் நிறைய வீட்டுக்குத் தகரக் கூரை. நம் மொட்டைமாடி ஜி.ஐ. ஷீட் மாதிரிதான், அதன் பூச்சிலும் துத்தநாகம். ஆக, டயரிலிருந்து "வந்திருக்கலாம்". ஒரு 'லாம்' போடுவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

தம்பிக்கு ஒன்று. ஃபாரடே என்கிற விஞ்ஞானியைப் பற்றிப் படித்திருப்பான். கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் வேலை கற்றவர். பேச வராது என்று ஒதுங்கவில்லை, பேச்சுப் பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் போனார். லண்டனில் 1825-இல் அவர் காலத்தில் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவு இன்னும் நடக்கிறது. ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு சொற்பொழிவு செய்திருக்கிறார். நம் தெருவில் கரண்ட் போகும்போது அவனும் முயற்சி செய்து பார்க்கட்டும்.

இந்த ஊர் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008-இல் ஒரு போட்டி தொடங்கினார்கள். முழு ஆய்வையும் மூன்று நிமிடத்தில், ஒரே ஸ்லைடில் சொல்ல வேண்டும். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அதே பாணியில் எங்கள் துறையிலும் அடுத்த மாதம் வைக்கிறார்கள். பேர் கொடுத்துவிட்டேன்.

வரும் ஞாயிறு உனக்குக் காலை ஏழு மணி, எனக்குப் பதினொன்றரை. அப்போது கூப்பிடுகிறேன். முதலில் தமிழில் மூன்று நிமிடம் பேசுவேன். தம்பியை ஸ்பீக்கரில் போடச் சொல். எந்த இடத்தில் புரியவில்லையோ அங்கேயே நிறுத்து. பொண்ணு பேசுகிறாளே என்று தலையாட்டிக்கொண்டு இருக்காதே. ஆயாவையும் பக்கத்தில் உட்காரவை. அவளுக்குப் புரியாவிட்டால் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவாள். சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடு.

உன்
பாப்பா