கன்ட்ரி இசையின் பழைய ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரசிகர்களே,

அமெரிக்காவின் நாட்டுப்புற வேர் கொண்ட கன்ட்ரி இசையில், ஹாங்க் வில்லியம்ஸ், ஜார்ஜ் ஜோன்ஸ், மெர்ல் ஹாகார்டு போன்ற பழைய பாடகர்களை இன்றுவரை விட்டுக்கொடுக்காமல் கேட்டுவருகிறவர்கள் நீங்கள். ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் இல்லாத ஒரு பாட்டை கன்ட்ரி என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது. எனக்கும் அதே காதுதான். வெளியே நின்று புத்தி சொல்ல இதை எழுதவில்லை. புதுப் பாட்டுகள் கன்ட்ரியே இல்லை என்ற உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது பல நேரம் தவறான ஆள்மேல் போய் விழுகிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1999-இல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கன்ட்ரி இசைச் சங்கத்தின் (சி.எம்.ஏ.) விருது விழாவில் ஜார்ஜ் ஜோன்ஸ் தன் 'சாய்ஸஸ்' பாட்டைச் சுருக்கிப் பாட வேண்டும் என்றார்கள். அவர் வரவே மறுத்துவிட்டார். அன்றிரவு ஆலன் ஜாக்சன் தன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, நேரலையில் ஜோன்ஸின் பாட்டைப் பாடினார். மறு ஆண்டு ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் ஜாக்சனும் சேர்ந்து, மியூசிக் ரோ (நாஷ்வில் நகரில் இசை நிறுவனங்கள் இருக்கும் பகுதி) கன்ட்ரியைக் கொன்றுவிட்டது என்றே ஒரு பாட்டைப் பாட, அதற்கு சி.எம்.ஏ.வே விருது கொடுத்தது. இரண்டு முறையும் கோபம் சரியான முகவரிக்குப் போனது. நிகழ்ச்சியை நடத்துபவர்கள், இசைத்தட்டு வெளியிடுபவர்கள், வானொலியில் எது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள்: கேள்வி அவர்களிடம்தான் கேட்கப்பட்டது.

1974-ஐ யோசித்துப் பாருங்கள். சி.எம்.ஏ.வின் சிறந்த பாடகி விருது ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குப் போனது. உடனே கலைஞர்கள் பலர் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் வீட்டில் கூடி, தங்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார்கள். அந்தப் பெண் விருதைத் தட்டிப் பறிக்கவில்லை. சி.எம்.ஏ. உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் பழி அவர்மேல் விழுந்தது.

2019-இல் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டை பில்போர்டு பத்திரிகை தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதில் கன்ட்ரியின் அம்சங்கள் போதவில்லையாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அதற்கு ஆறேழு வருடம் முன்பு புளோரிடா ஜார்ஜியா லைன் என்ற வெள்ளையர் இருவரின் 'க்ரூஸ்' பாட்டு, ராப் பாடகர் நெல்லி சேர்ந்த ரீமிக்ஸின் பலத்தோடு, அதே பட்டியலில் 24 வாரம் முதலிடத்தில் இருந்ததே? அதையும் நீங்கள் திட்டினீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை. ஒரே குற்றச்சாட்டு ஒருவருக்கு வெறும் முணுமுணுப்பாகவும் இன்னொருவருக்கு வெளியேற்றமாகவும் முடிந்தால், அங்கே அளக்கப்பட்டது இசை மட்டும்தானா? இந்தக் கேள்வியை நீங்கள் தவிர்க்கக் கூடாது.

மரபு என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். பேஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஸ்டீல் கிட்டார் வாசிக்கும் முறை ஹவாயில் பிறந்தது. கன்ட்ரியின் முன்னோடிக் குழுவான கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது கூடவே போய், மெட்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியின் மேடையில் டிரம்ஸையே நெடுங்காலம் ஏற்றவில்லை. பாட்ஸி கிளைனின் 'கிரேஸி' 1961-இல் வந்தபோது, ஃபிடிலை ஒதுக்கி மென்மையாக்கிய நாஷ்வில் பாணிதான் அது. இன்று அதைப் பழைய தங்கம் என்கிறோம். அதற்கு எதிராக கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து பக் ஓவன்ஸும் ஹாகார்டும் எழுப்பிய எலெக்ட்ரிக் கிட்டாரின் கூர்மையான ஓசையும் அன்றைக்குப் புதுசுதான்.

இதில் என்னை மிகவும் வருத்துவது டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பினக் கலைஞரின் கதை. மவுத் ஆர்கனில் ரயிலையே ஓடவைத்தவர். 1927-இல் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற பெயரை முதன்முதலில் உச்சரித்தது அவர் வாசித்த அந்த இரவில்தான். வெள்ளைக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போனார், ஆனால் அவர்கள் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடமில்லை. 1941-இல் ஓப்ரி அவரை அனுப்பிவிட்டது. நாஷ்வில்லிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 1982-இல் இறந்தார். கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது 2005-இல். மரபைக் காக்கிறோம் என்றால் இவரையும் சேர்த்துத்தானே காக்க வேண்டும்?

2026 முதல் கிராமியில் கன்ட்ரி ஆல்பத்துக்கு இரண்டு விருதுகள்: பாரம்பரியம் ஒன்று, சமகாலம் ஒன்று. ஃபிடிலுக்கும் ஸ்டீல் கிட்டாருக்கும் தனி மரியாதை கிடைப்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் பேஞ்சோவோடு ஒரு கறுப்பினக் கலைஞர் வந்தால், பாட்டைக் கேட்காமலே 'சமகாலம்' பக்கம் தள்ளிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அப்படி நடந்தால் முதல் குரல் உங்களுடையதாக இருக்க வேண்டும். எது ஸ்டீல் கிட்டார், எது கீபோர்டில் வந்த போலி என்று கண்டுபிடிக்கிற காது உங்களிடம் இருக்கிறது.

அதே காதை வானொலிப் பக்கமும் திருப்புங்கள். பெண்களின் பாட்டை அடுத்தடுத்துப் போடாதே என்று நிலையங்களுக்கு 2015-இல் ஓர் ஆலோசகர் வெளிப்படையாகவே அறிவுரை சொன்னார். பழைய பாடகிகள் கிட்டி வெல்ஸையும் லோரெட்டா லின்னையும் தலையில் தூக்கிவைத்து ஆடும் நாம் இதற்கு எத்தனை கடிதம் எழுதினோம்?

அப்புறம் ஒரு வேண்டுகோள். 2024-இல் பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' வழியாகவும், 2023-இல் லூக் கோம்ப்ஸ் பாடிய 'ஃபாஸ்ட் கார்' வழியாகவும் நிறைய இளைஞர்கள் கன்ட்ரிக்குள் வந்திருக்கிறார்கள். பியான்சேயின் ஆல்பத்தில் லிண்டா மார்டெலின் குரலைக் கேட்டுவிட்டு, இவர் யார் என்று கேட்கிறார்கள். இது கூடத் தெரியாதா என்று விரட்டிவிடாதீர்கள். 1969-இல் ஓப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர் என்றும், 1970-இல் வந்த 'கலர் மீ கன்ட்ரி' அவருடைய ஒரே ஆல்பம் என்றும் சொல்லுங்கள். அதைக் கேட்கவைத்த கையோடு ஜார்ஜ் ஜோன்ஸையும் எடுத்துக் கொடுங்கள். அந்த வேலையை உங்களைவிட நன்றாகச் செய்ய யாரும் இல்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்