தேனீயைப் பிடித்த ஈ

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தில் தேனீயை அணைத்தபடி குச்சி நுனியில் உட்கார்ந்திருப்பது குளவி அல்ல, கொள்ளைக்கார ஈ. குளவிக்கு இரண்டு இணை இறக்கைகள் உண்டு. இதற்கு ஓர் இணைதான். இரு கண்களுக்கும் இடையே உச்சந்தலை பள்ளமாகக் குழிந்திருப்பதையும் படத்தைப் பெரிதாக்கிப் பார். 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது.

முகத்தில் மீசைபோல் அடர்ந்திருக்கும் விறைத்த மயிர்கள் அழகுக்காக அல்ல. கொடுக்குள்ள இரையைக்கூடக் கால்களால் இறுக்கிப் பிடிக்கும் பூச்சிக்கு, அது திமிறும்போது முகத்தைக் காக்க ஒரு தடுப்பு வேண்டுமல்லவா? பிடித்த கையோடு கூரிய வாயுறுப்பை இரையின் உடலில் குத்தி, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சும் உட்தசைகளைக் கரைக்கும் நொதிகளும் கலந்த உமிழ்நீரைச் செலுத்துகிறது. பிறகு கரைந்ததை உறிஞ்சிவிட்டு வெறும் கூட்டை உதறிவிடுகிறது.

என்னை அசரவைப்பது இந்தக் கொலையைவிட, அதற்கு முன் அது போடும் கணக்குதான். ஹோல்கோசெபலா என்னும் பேரினத்தைச் சேர்ந்த, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஈயின் முன்னே கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நூலில் கோத்த சிறு மணிகளை ஓடவிட்டு, அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரை இப்போது இருக்கும் இடத்தை நோக்கி அது பாய்வதில்லை; இரை தெரியும் கோணம் மாறாதபடி பறந்து, அது வரப்போகும் இடத்துக்குக் குறுக்கே போகிறது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நெருங்கியதும் உத்தி மாறுகிறது: வேகத்தைக் குறைத்து, வளைந்து திரும்பி, இரையின் போக்கோடு இணைந்து பறந்து பிடிக்கிறது. அரிசிமணி அளவுள்ள உடலுக்குள் இவ்வளவும்!

தேனீயைக் கொல்வதால் அதை விரட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது தேனீயை மட்டும் தேடி அலைவதில்லை. ஈ, வண்டு, வெட்டுக்கிளி, ஏன், தன் இனத்தையே கூடப் பிடித்துத் தின்னும். மண்ணிலும் மட்கிய மரத்திலும் வாழும் அதன் புழுக்களில் பல, வண்டுப் புழுக்களைத் தின்று வளர்கின்றன. அதற்காக 'நன்மை செய்யும் பூச்சி' என்று நற்சான்று கொடுக்கவும் எனக்கு மனமில்லை. நல்லது கெட்டது பார்த்து அது வேட்டையாடுவதில்லை.

மறுபடி படமெடுக்கப் போனால் துரத்தாதே. பறந்து போனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்கோ பக்கத்திலோ வந்து உட்காரும் என்பதால், அசையாமல் காத்திரு. மீசை தெளிவாகத் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடு. கையால் மட்டும் பிடித்துவிடாதே, கடி நன்றாகவே வலிக்கும்.

அன்புடன்,
அப்பா