மகளுக்கு: 112 மில்லிமீட்டர் போதும்

ஏற்காடு,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். பெரியப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காப்பிப் பழம் கடைசிச் சுற்றுப் பறிப்பில் இருக்கிறது, மிளகு இந்த ஆண்டு சுமார்தான். மற்றவற்றை உன் அம்மா போனில் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது நீ படம் அனுப்பியிருந்த அந்த இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளைப் பற்றி. எதை வாங்கலாம் என்று கேட்டாய். நான் யோசித்துச் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு கூப்பிட்ட போதெல்லாம் வேலை இருக்கிறது என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டாய். எழுத்தில் இருந்தால் உனக்கு நேரம் கிடைக்கும்போது படிப்பாய் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் பலகையின் இடை அகலம், அதாவது காலடியில் வரும் நடுப்பகுதியின் அகலம், 120 மில்லிமீட்டர், நீளம் 178 சென்டிமீட்டர். எடை குறைவு, பக்க விளிம்பு வளைவின் ஆரம் 17 மீட்டர். இரண்டாவது 112 மில்லிமீட்டர், 184 சென்டிமீட்டர். உள்ளே இரண்டு உலோகத் தகடுகள், ஆரம் 25 மீட்டர். உன் மனம் முதலாவதன் பக்கம் சாய்ந்திருப்பது நீ கேட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அகலமான பலகை எதற்கு என்பதை நான் மறுக்கவில்லை. அம்மாயி வீட்டு வயலில் பரம்படிக்கும்போது ஆள் ஏறி நின்றாலும் பலகை சேற்றில் புதையாமல் ஓடுவதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய்; பொடிப்பனியிலும் அதே கணக்குதான், எடை பரந்து விழுந்தால் அழுத்தம் குறையும். இப்போது உன்னிடம் இருப்பது 98 மில்லிமீட்டர், 172 சென்டிமீட்டர். 112க்குப் போனால் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. நீளத்தில் கூடும் 12 சென்டிமீட்டரையும் சேர்த்தால், முன்பின் அகலங்களும் அதே விகிதத்தில் கூடுவதாக வைத்துக்கொண்டு, பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகிறது. உன் எடைக்கு அது தாராளம். அதற்கு மேலும் அகலம் வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் மெதுவாகப் போகிறவர்கள், அல்லது உன்னைவிட மிகவும் எடை கூடியவர்கள்.

நீ மெதுவாகப் போகிறவள் அல்ல. வேகம் கூடும்போது பனியே பலகையை மேலே தூக்கிவிடுகிறது. அந்தத் தூக்குவிசை வேகத்தின் இருமடிப்படி வளர்வதால், வேகமாக இறங்குகிறவருக்கு மிதப்பதற்கு அகலம் குறைவாகவே தேவைப்படுகிறது. அவருக்குத் தேவைப்படுவது, அந்த வேகத்தில் காலுக்கு அடியில் ஆடாமல் கிடக்கும் பலகை. காலையில் முதல் ஆளாக இறங்கும்போது எந்தப் பலகையும் நன்றாகத்தான் இருக்கும். பதினொரு மணிக்கு மேல், நாலு பேர் இறங்கிக் குதறிப்போட்ட பனியில், ஒரு கட்டி கெட்டியாகவும் அடுத்த கட்டி மெத்தென்றும் இருக்கும் இடத்தில்தான் பலகையின் குணம் தெரியும். எடை குறைந்த பலகையின் மூக்கு ஒவ்வொரு கட்டியிலும் பட்டுத் திசை மாறும்; கனமானது அதை வெட்டிக்கொண்டு போகும். பலகையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிப் போகிறவர்களுக்கு எடைக் குறைவு ஒரு வரம். நீ லிப்டில் ஏறுகிறாய். உனக்கு எதற்கு அது?

உலோகத் தகடு விஷயத்தில் நான் கொஞ்சம் உரிமையோடே பேசலாம் என்று நினைக்கிறேன். சேலம் உருக்காலையின் ரோலிங் மில்லில் வேலை பார்த்தவனுக்கு, ஓடும் தகட்டில் அதிர்வு ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பது கையிலேயே பதிந்திருக்கிறது. முதலில் சத்தம் மாறும், பிறகுதான் தகட்டின் மேல் குறுக்கே வரிவரியாகத் தடம் விழும். உன் பலகைக்குள் மரத்துக்கு மேலும் கீழும் ஒட்டியிருக்கும் டைட்டனால் என்னும் தகடு ஓர் அலுமினியக் கலவை; மரம், கண்ணாடியிழை, ரப்பர் இவற்றோடு சேர்ந்து அது அதிர்வை அடக்கி, பலகை விளிம்பைப் பனியை விட்டு எழும்பாமல் வைக்கிறது. சென்ற பொங்கலுக்கு உன்னோடு வந்திருந்தபோது அந்தத் தம்பிதான் திண்ணையில் உட்கார்ந்து இதை எனக்குப் படம் போட்டு விளக்கினார். நன்றாக விளக்கினார். அந்தத் தாள் இன்னும் என் டைரிக்குள் இருக்கிறது.

ஆரத்தையும் பார். 17 மீட்டர் ஆரம் உள்ள பலகை சீக்கிரம் திரும்பிவிடும் என்று விற்பனைக்காரர் சொல்வார். அதிவேகத்தில் அதுவே தொல்லை, நீ கேட்காதபோதும் அது திரும்பப் பார்க்கும். 25 மீட்டர் ஆரம் உன்னை நேராகப் போகவிடும். முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்த ராக்கர் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் முதலாவதில் அது காலடிக்கு மிக அருகிலேயே தொடங்கிவிடுவதால், கெட்டிப் பனியில் பிடிப்பதற்கு விளிம்பு மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும். இரண்டாவதில் நடுவில் கொஞ்சம் கேம்பர், அதாவது தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே எழும்பி நிற்கும் வளைவு, வைத்திருக்கிறார்கள்; அது வேண்டும்.

இன்னொன்று, உன் இடது முழங்கால். நீ அதைப் பற்றிப் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, இரண்டு துண்டுகளை ஒட்டி, ஸ்டீல் ஸ்கேலால் அளந்து 98, 112, 120 என்று மூன்று பலகைகளையும் அதே அளவில் வெட்டிப் பார்த்தேன். உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பசைப் பாத்திரத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தாள். வாசலில் போட்டு மேலே நின்று பார்த்தபோதுதான் புரிந்தது: 98இல் விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 49 மில்லிமீட்டரில் இருக்கிறது, 112இல் 56, 120இல் 60. கெட்டிப் பனியில் பலகையைச் சாய்த்துப் பிடிக்கும்போது அந்த 11 மில்லிமீட்டர் கூடுதல் தூரத்தின் முறுக்கை முழங்கால் தாங்கவேண்டும், அதுவும் ஒவ்வொரு திருப்பத்திலும், மாலையில் களைத்து அடிவாரம் திரும்பும் வழியிலும். 7 மில்லிமீட்டர் என்றால் பழகிக்கொள்ளலாம். வலி இருந்தால் டாக்டரிடம் காட்டு.

இந்த அகலப் பலகைகளுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்த பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கியைப் பற்றியும் படித்தேன். நீர்ச்சறுக்குப் பலகையைப் பார்த்து, பொடிப்பனியும் தண்ணீரைப் போன்றதுதானே என்று எண்ணி, 2000களின் தொடக்கத்தில் வோலன்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்பாட்டுலா என்ற பலகையைக் கொண்டுவந்தவர் அவர். அதுவரை எல்லோரும் செய்துவந்த வளைவுகளை அப்படியே தலைகீழாக்கியவர். எவ்வளவு துணிவான மூளை! அவர் 2009 மார்ச்சில் இத்தாலியின் டோலமைட் மலையில், பலகையோடு பாறை முகட்டிலிருந்து பாராசூட்டோடு குதித்தபோது, காலிலிருந்து கழல வேண்டிய பலகை உரிய நேரத்தில் கழலாததால் இறந்தார். நீ அப்படிக் குதிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை, காலையில் எழுந்ததும் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைப் பற்றித்தான் தேடிப் படித்தேன்.

ஆகவே பலகைக்கு ஆகும் செலவில் பைண்டிங்கைச் சுருக்காதே. எத்தனை விசையில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், நீ சறுக்கும் வேகம் இவற்றை வைத்துக் கடைக்காரர் அட்டவணை பார்த்து முறுக்குவார். உன் எடையை உள்ளபடி சொல். சென்ற முறை வீடியோவில் பார்த்தபோது இளைத்திருந்தாய், பழைய எடையைச் சொல்லிவிடாதே. பலகை பாதியில் கழன்றுவிடக்கூடாது என்று நீயாகத் திருப்புளியால் இறுக்கிவிடவும் கூடாது. பிரேக்கின் அகலம் பலகையின் இடையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும், 112க்கு 115 அல்லது 120 பார். உன் பூட்ஸின் அடிப்பகுதி எந்த வகை, அது அந்தப் பைண்டிங்குக்குப் பொருந்துமா என்பதைக் கேட்டுக்கொள். பொருத்தியதும் இயந்திரத்தில் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்.

கனடாவில் நீ இருக்கும் ரெவல்ஸ்டோக்கில் மேலிருந்து கீழ் வரை இறக்கம் 1,713 மீட்டர் என்று பார்த்தேன். நம் சேர்வராயன் கோயில் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,623 மீட்டர்தான். அந்த உயரத்துக்கும் மேலான ஓர் இறக்கத்தை என் மகள் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறாள் என்று பேருந்து நிலையத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு இறங்கி முடித்தேன் என்று ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

அகலப் பலகை உன்னை இதுவரை போகாத இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகும். அதுதான் என் பயம். கட்டியாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கின்றன. நீ விரும்பி இறங்குவதும் அதே சாய்வில்தான். உங்கள் ஊருக்குக் கிழக்கே ராஜர்ஸ் கணவாயில் 1910 மார்ச்சில், தண்டவாளத்தின் மேல் விழுந்த சரிவை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து 58 பேரைக் கொண்டுபோயிற்று. அவர்கள் அந்த மலையிலேயே வேலை செய்தவர்கள். இன்று அவலாஞ்ச் கனடா நிறுவனம் உன் ஊரிலேயே இருந்துகொண்டு நாள்தோறும் அபாய அளவை ஒன்று முதல் ஐந்து வரை வெளியிடுகிறது; மூன்று என்று இருந்தால் நடுத்தரம்தானே என்று கிளம்பிவிடாதே, சறுக்குகிறவர்களின் உயிர் நிறையப் போவது அந்த மூன்றில்தான்.

புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் பீக்கன், பனியைக் குத்திப் பார்க்கும் நீளக்கம்பி, பனிவாரி மூன்றும் உன்னிடம் இருப்பது தெரியும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அந்த நேரத்துக்குள் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. அப்படியென்றால், அந்தக் கருவிகள் உன்னைக் காப்பாற்ற வேண்டுமானால் அவை இன்னொருவர் கையிலும் இருக்கவேண்டும், அவர் மேலேயே நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். மரங்களுக்கு இடையில் போனாலும் இதே கதைதான். ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைக்கு அடியில் இறுகாத பனிக்குழி இருக்கும். தலைகீழாக அதில் விழுந்தவரால் தானாக ஏறி வர முடிவது அரிது. நம் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நீ கண்ணை மூடிக்கொண்டு ஓடுவாய், அந்தப் பழக்கத்தில் அங்கே போகாதே. தனியாகப் போகாதே, கண்ணு. பலகை எதுவானாலும் சரி, தனியாகப் போகாதே.

நீ அனுப்பிய படத்தில் புதுப் பலகைகளுக்குப் பின்னால் உன் வீட்டு வாசல் சுவர் தெரிந்தது. முன்பெல்லாம் அங்கே இரண்டு ஜோடி சாய்த்து வைத்திருப்பீர்கள். இந்தப் படத்தில் உன்னுடைய பழைய ஜோடி மட்டும் இருந்தது. உன் அம்மாவும் அதைப் பார்த்தாள். அவளிடம் நான் ஒன்றும் பேசவில்லை.

பூட்ஸின் அடிநீளம் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பைண்டிங் எடுக்கப் போகிறாய், இந்தப் பருவத்தில் உன்னோடு மலைக்கு வருபவர் யார், இந்த மூன்றையும் எனக்கு எழுது. அந்தத் தம்பியாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி, பெயரை மட்டும் எழுது. காரணம் எதையும் நான் கேட்கமாட்டேன். அம்மா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா