கொயினா காசில் எழுந்த விடுதி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி இப்போது எப்படி? டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே. பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கு இன்னும் மனசே ஆறவில்லை.

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் மகன் எங்களை சார்லட்டிலிருந்து ஆஷ்வில் என்ற மலை ஊருக்குக் கூட்டிப்போனான். காரில் இரண்டு மணி நேரம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்குப் பகுதியில், நீல மலைத் தொடரில் இருக்கிறது. அங்கே குரோவ் பார்க் இன் என்ற பழைய விடுதியில் இரண்டு ராத்திரி தங்கினோம். இதை முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

1913-ல் திறந்த விடுதி அது. கட்டியவர் எட்வின் வைலி குரோவ், மருந்து வியாபாரி. என்ன மருந்து தெரியுமா? கொயினா! அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் மலேரியா ஆட்டிப்படைத்தது. குளிர்காய்ச்சலுக்குக் கொயினாதான் கதி. கசப்பு தாங்காமல் பிள்ளைகள் துப்பிவிடும். குரோவ் அதைக் கரைக்காமல், இனிப்புப் பாகில் தூளாகவே மிதக்கவிட்டார். கரையாத கொயினா நாக்கில் அவ்வளவாகக் கசக்காது. 'ருசியில்லாத குளிர்காய்ச்சல் டானிக்' என்று பெயர் வைத்து விற்றார். விளம்பரத்தில் பன்றி உடம்புக்குக் குழந்தை முகம். குடித்தால் அப்படிக் கொழுகொழுவென்று ஆகலாமாம். அந்தப் பணத்தில் எழுந்ததுதான் இவ்வளவு பெரிய கட்டடம்.

இதைக் கேட்டதும் எனக்கு உங்கப்பா கைதான் கண்ணில் வந்தது, செல்வி. கொயினா எடுக்கிற சின்கோனா மரத்தில் பட்டை உரித்துவிட்டு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் அந்தப் பழுப்பு போகாதே. உங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் நம் இரண்டு பேருக்கும் சோறு உருட்டித் தருவார். முதல் உருண்டை கசக்கும். நீ முகத்தைச் சுளிப்பாய். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த உருண்டையில் கருப்பட்டித் துண்டை வைத்துக் கொடுப்பார். குரோவ் கோடி கோடியாகச் சம்பாதித்த வித்தையைத்தான் அவரும் செய்திருக்கிறார்.

வால்பாறைப் பக்கம் நம் சின்கோனா எஸ்டேட்டில் உரித்த பட்டை இங்கே வந்திருக்காது. அந்தக் காலத்தில் உலகத்துக் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாத் தீவிலிருந்துதான் வந்தது. ஆனாலும் மரம் அதே மரம். அங்கேயும் யாரோ ஒரு அப்பா பட்டை உரித்திருப்பார்.

உள்ளே நுழைந்தால் 120 அடி நீளக் கூடம். இரு முனையிலும் கல் கணப்பு, ஒவ்வொன்றும் 36 அடி அகலம். புகைபோக்கிக்குள்ளேயே லிஃப்ட் ஓடுகிறது! பாறைகளை எல்லாம் பக்கத்து மலையிலிருந்தே உருட்டி வந்து, உளி படாமல், வெயிலும் மழையும் தின்ற முகம் வெளியே தெரியும்படி அடுக்கியிருக்கிறார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கப் போனபின் நான் மட்டும் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கல்லில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. தடவிப் பார்த்தேன். கல்பாசி! நாம் குழம்புக்குப் போடுவோமே, அந்த வகைதான். மலையில் இருந்தபடியே நூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் கல்லோடு உட்கார்ந்திருக்கிறது. கையை எடுக்க மனசு வரவில்லை.

எத்தனையோ பெரிய மனிதர்கள் தங்கிய இடம். எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1935-லும் 36-லும் கோடைக்காலத்தில் இங்கே அறை எடுத்திருக்கிறார். அவர் மனைவி செல்டாவை இதே ஊர் மனநல மருத்துவமனையில்தான் சேர்த்திருந்தார்கள். 1948-ல் அங்கே பிடித்த தீயில் அவள் இறந்துபோனாள். போர்க்காலத்தில், 1942-ல், எதிரி நாட்டுத் தூதர்களை இந்த விடுதியில்தான் காவலில் வைத்தார்களாம். இந்த மாதிரிக் கதைகளைச் சுவரில் படத்தோடு மாட்டியிருக்கிறார்கள். கல் சுமந்தவர்கள் பெயரை நான் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. 1964-ல் சட்டம் வரும்வரை இந்தத் தெற்குப் பகுதியில் வெள்ளையர் நடத்திய பெரும்பாலான விடுதிகளில் கருப்பின மக்கள் வேலைக்கு வரலாம், விருந்தாளியாக அறை எடுக்க முடியாது. நம் எஸ்டேட் பங்களாவுக்குள் உங்கம்மா துடைப்பத்தோடுதானே போனார்கள்? நான் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்த ஊரைப் புரட்டிப் போட்டது. ஆற்றங்கரைக் கடைகள் எல்லாம் வெள்ளத்தில் போயின. குழாயில் குடிக்கிற தண்ணீர் வர நவம்பர் ஆகிவிட்டது. விடுதி மேட்டில் இருப்பதால் தப்பியது. கீழே இன்னும் சில கட்டடங்கள் கதவில்லாமல் நிற்கின்றன.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். உன் முழங்கால் ஒத்துழைத்தால் இருவரும் வால்பாறை பஸ் ஏறுவோம். நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தேயிலை போட்டபோது வெட்டாமல் விட்ட சின்கோனா மரம் ஒன்று நின்றதே, அது இருக்கிறதா என்று உன் தம்பியை விட்டு இப்போதே பார்த்துவரச் சொல்லேன்.

உன்,
ஜெயா