பிட்ஸ்பர்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது, அம்மா ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்ததையும் படித்தேன். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, தயிர் சாதமும் ஊறுகாயும் போதும், வெளியில் சாப்பிட்டால்தான் வயிறு கெடுகிறது. போன வருஷத்துக் கோட்டே நன்றாக இருக்கிறது. வேலைக்கு நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லதுதானே.

கீழ் வீட்டுத் தாத்தாவை விசாரித்திருந்தீர்கள். மனுஷர் மாறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டும் பனியில் என்னை இந்த ஊர் ஓக்லண்டு பகுதி வரை இழுத்துக்கொண்டு போய் ஒரு செங்கல் சுவரைக் காட்டினார். ஃபோர்ப்ஸ் ஃபீல்டு பேஸ்பால் மைதானத்தில் மிச்சம் இருப்பது அது, 1909-ல் திறந்து 1970-ல் மூடிய மைதானம். சுவரில் 457 அடி என்று எழுதியிருக்கிறது, அடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து சுவர் வரை உள்ள தூரம் அது. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டை எவ்வளவு தள்ளிப் போட்டாலும் 90 கஜம்தான், இது 150 கஜத்துக்கு மேல்! பந்து அந்த மூலைக்கு உருண்டுவிட்டால், ஆள் ஓடி எடுத்து எறிவதற்குள் அடித்தவர் சுற்றி ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் மூன்றாவதைப் பிடித்துவிடலாம், அதுதான் டிரிப்பிள். 1912-ல் இந்த மைதானத்துக்குச் சொந்தமான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஓவன் வில்சன் ஒரே சீசனில் 36 டிரிப்பிள் அடித்தார். அப்புறம் யாரும் 26-ஐத் தாண்டவில்லை. 1914-ல் சாம் கிராஃபோர்டு 26, 1925-ல் இதே அணியின் கைகி கைலர் 26, அதோடு சரி. 2007-ல் கர்ட்டிஸ் கிராண்டர்சன் 23 அடித்ததையே பெரிதாகச் சொல்கிறார்கள். இப்போதைய மைதானங்கள் சின்னவை, ஓங்கி அடித்தால் பந்து சுவரைத் தாண்டிவிடுகிறது, இல்லையென்றால் சுவரில் பட்டுச் சீக்கிரம் கைக்கு வந்துவிடுகிறது.

தாத்தாவுக்கு வில்சன் என்றால் சாமி மாதிரி. பாதிப் பெருமை மைதானத்துக்குத்தான் என்று நான் சொன்னதற்கு முறைத்தார். ஆனால் வில்சனே வேறு எந்த வருஷமும் 14-க்கு மேல் அடித்ததில்லையே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். திண்ணையில் ரேடியோவை நடுவில் வைத்துக்கொண்டு நீங்களும் பெரியப்பாவும் ஸ்கோருக்காகப் போடும் சண்டை எப்படிக் கேட்கும், இங்கே சனி ஞாயிறில் தாத்தாவின் இருமல் தவிர ஒரு சத்தம் கிடையாது அப்பா. பென்ஹில்ஸ் பெருமாள் கோவிலில் புளியோதரை வாங்கி ஒரு வாய் வைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது, மிளகாய் அதிகம் போல.

சரி, அது கிடக்கட்டும். கிணற்று மோட்டாருக்குப் பணம் தை மாதம் சேர்த்து அனுப்புகிறேன், கஷ்டம் எல்லாம் ஒன்றுமில்லை, பாங்கில் கொஞ்சம் நாள் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதுவரை கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். வரப்பு விஷயத்தில் சித்தப்பா எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள், மாப்பிள்ளை ஒருமுறை பார்க்கட்டும். செல்வி வளைகாப்புக்கு அத்தை வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் சொன்னால் அது வேறு வம்பாகிவிடும். கண் ஆபரேஷனை என் பணத்துக்காகத் தள்ளிப் போட வேண்டாம், டாக்டர் என்ன தேதி சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
குமார்