வேலியோரம் நிற்பவர்களுக்கும் ஓர் ஓட்டம்

யாழ்ப்பாண மாநகர சபையின் மதிப்புக்குரிய முதல்வருக்கும் ஆணையாளருக்கும் உறுப்பினர்களுக்கும், முற்றவெளியிலும் குடாநாட்டின் பிற திடல்களிலும் களியாட்ட விழாக்களை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் எழுதும் மடல் இது. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ஊஞ்சல்போல் ஆடும் கப்பல், சங்கிலிக் கதிரை இராட்டினம் முதலிய வேகமான பொறிகளை நாள்தோறும் குறித்த சில மணி நேரம் மென்மையாக ஓட்ட வேண்டும் என்பதை, களியாட்ட விழாக்களுக்கு வழங்கும் அனுமதியின் நிபந்தனைகளுள் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். வேக ஓட்டத்தை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. இளைஞர்களின் மகிழ்ச்சியில் கைவைக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. அதே பொறியில், அதே இருக்கையில், மெதுவான ஓட்டமும் ஒன்று இருக்கட்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாலை நாங்கள் குடும்பமாக ஏழு பேர் ஒரு களியாட்டத் திடலுக்குப் போயிருந்தோம். கப்பலில் ஏறியவர்கள் இருவர்தாம்: வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மருமகனும் அவருடைய மூத்த மகனும். மற்ற ஐவரும் வேலியோரம் நின்றோம். என் மனைவி இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்; அக்காவுக்கு முழங்கால் நோவு; மகளுக்குப் பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும்; எட்டு வயதுப் பேத்தி உயர எல்லையைத் தாண்டிவிட்டாள், ஆனால் பயம் தாண்டவில்லை; நான் செருப்புகளுக்கும் கைப்பைகளுக்கும் காவல். திரும்பிப் பார்த்தால் வேலி நெடுகிலும் எங்களைப் போன்றவர்களே நின்றார்கள். கப்பலுக்குள் இருந்தவர்களைவிட, வேலியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தவர்களின் தொகை அதிகம்.

“அப்பப்பா, கொஞ்சம் மெதுவா ஆட்டச் சொல்லுங்கோவன், நானும் ஏறுறன்” என்றாள் பேத்தி. நான் போய்ப் பொறியை இயக்கிய தம்பியிடம் கேட்டேன். “ஐயா, இதுக்கு ஒரே ஓட்டம்தான்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் வேலிக்குத் திரும்பி அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பலின் அடிப்பாகத்தை உரசித் தள்ளும் றப்பர்ச் சில்லை அவர் ஒரு நெம்புகோலால் விட்டுவிட்டு இயக்கினார். ஒவ்வொரு தள்ளலுக்கும் கப்பல் சிறிது சிறிதாக உயர்ந்தது. முதல் அரை நிமிடம் அது என் பேத்தி கேட்டது போலவே ஆடியது. உச்சத்தில் சில தடவைகள் ஆடிய பின்னர் தம்பி கையை எடுத்துவிட, கப்பல் தானாகத் தணிந்து, இறுதி அரை நிமிடமும் அவள் கேட்டது போலவே ஆடி நின்றது. ஆகவே, இல்லையென்று சொல்லப்பட்ட அந்த மென்மையான ஓட்டம் ஒவ்வொரு வேக ஓட்டத்தின் தலையிலும் வாலிலும் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தனியாக எடுத்து ஓடவிட ஒருவரும் நினைக்கவில்லை என்பதே குறை.

க.பொ.த. உயர்தர வகுப்பில் எளிய ஊசலைப் படித்தவர்கள் பின்வருவதைத் தாங்களே கணித்துப் பார்க்கலாம். ஆடும் கப்பல் அடிமட்டத்தைக் கடக்கும்போது இருக்கை உடலை எவ்வளவு அழுத்துகிறது என்பது, கப்பல் எந்தக் கோணம் வரை உயர்ந்து வருகிறது என்பதை மட்டுமே பொறுத்தது. தொங்கும் தண்டின் நீளம் சமன்பாட்டிலிருந்து நீங்கிவிடும். கப்பல் 60 பாகை வரை உயர்ந்து வந்தால், 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவர் அடிமட்டத்தில் தம்மை 120 கிலோகிராம்போல் உணர்வார். உச்சியில் நிற்கும் கணத்தில் 30 கிலோகிராம்போல் உணர்வார். இவ்விரண்டுக்கும் இடையில் கழிவது ஒன்றிரண்டு விநாடிகளே. அடிவயிற்றில் ஏதோ கழன்று மேலே வருவது போன்ற அந்த உணர்வு இதனால்தான். ஆட்டத்தை 30 பாகையில் நிறுத்திக்கொண்டால் அதே மனிதர் 52 கிலோகிராமுக்கும் 76 கிலோகிராமுக்கும் இடையில்தான் ஊசலாடுவார். கோணம் பாதியாகிறது, கூடுதலாக ஏறும் சுமையோ ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடுகிறது. சுழலும் பொறிகளிலும் கணக்கு இப்படியே அமையும்: ஆரை மாறாதிருக்க, கதியைப் பாதியாக்கினால் வெளிப்புறம் இழுப்பதாக உணரும் விசை நாலில் ஒன்றாகும். புதுப் பொறி வாங்கவோ பழைய பொறியை மாற்றவோ தேவையில்லை. நெம்புகோலைப் பிடித்திருக்கும் கை எப்போது தள்ளுவதை நிறுத்துகிறது என்பதே எல்லாம்.

இருக்கையும் கணக்கில் சேர வேண்டும். கப்பலின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் நடுவில் இருப்பவர்களைவிட உயரமாகவும் செங்குத்தாகவும் தூக்கப்படுகிறார்கள். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகேறும் புதியவர்களுக்குத் தீவகத்துப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி நினைவிருக்கலாம்: படகின் நடுவில் இரு, கிட்டே நுரையைப் பார்க்காதே, தூரத்துத் தொடுவானத்தைப் பார். காதினுள்ளே உள்ள சமநிலை உறுப்பு ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொல்லும்போதுதான் குமட்டல் வருகிறது என்று மருத்துவம் பின்னாளில் விளக்கியதை, அவர்கள் படகில் பழகிய பழக்கத்தாலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். களியாட்டத் திடலில் இந்தப் புத்திமதியைச் சொல்ல ஓர் அறிவிப்புப் பலகைகூட நான் கண்டதில்லை.

இவ்வாறான ஏற்பாடு உலகில் எங்கும் இல்லாத புதுமையன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வோல்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்கொட் பூங்காவில், 2003ஆம் ஆண்டு “மிஷன்: ஸ்பேஸ்” என்ற விண்வெளிப் பயணப் பொறி திறக்கப்பட்டது. பெரிய சுழற்பொறியொன்றின் கைகளில் சிறு கூடுகளைப் பொருத்தி, ஒவ்வொரு கூட்டிலும் நால்வரை இருத்திச் சுழற்றி, விண்கலம் எழும்போது உடலை அழுத்தும் விசையை உணரச் செய்வது அதன் உத்தி. உணரும் நிறை இயல்பைப் போல் இரண்டரை மடங்கு வரை உயரும். குமட்டல் எடுப்பவர்களுக்காகக் கூட்டுக்குள்ளேயே கடதாசிப் பை வைக்க வேண்டியிருந்தது. 2005 ஜூனில் அதில் ஏறிய நான்கு வயதுச் சிறுவனொருவன் இறந்தான். அவனுக்கு முன்னர் கண்டறியப்படாத இதயக் கோளாறு இருந்தமை பின்னர் தெரியவந்தது. 2006 ஏப்ரலில், நெடுநாள் உயர் இரத்த அழுத்தமுள்ள 49 வயதுப் பெண்ணொருவர் ஏறியிறங்கிய பின்னர் மூளையில் இரத்தக் கசிவேற்பட்டு இறந்தார். அடுத்த மாதமே நிர்வாகம் அதே கட்டடத்தில், அதே கூடுகளில், சுழலாத ஓட்டமொன்றையும் தொடங்கியது. வருபவர்கள் வாசலில் செம்மஞ்சள் நிறமா பச்சை நிறமா என்று தெரிவு செய்வார்கள். செம்மஞ்சள் சுழலும், பச்சை சுழலாது. 2017இல் பச்சைக்கெனத் தனிக் கதையே அமைத்தார்கள்: செம்மஞ்சள் நிறத்தவர்கள் செவ்வாய்க்கும், பச்சை நிறத்தவர்கள் பூமியைச் சுற்றியும் போவார்கள்.

இந்த எடுத்துக்காட்டில் என்னைக் கவர்ந்தது பாதுகாப்பு மட்டுமன்று. பச்சையைத் தெரிவு செய்தவர் ஒதுக்கப்பட்டவராக உணர்வதில்லை. அவரும் அதே விண்கலத்தில்தான் இருக்கிறார், வீடு திரும்பும்போது அவரிடமும் சொல்ல ஒரு பயணம் இருக்கிறது. நம் திடல்களில் இதற்கு நேர்மாறு. வேகம் வேண்டாதவர்களைச் சின்னப்பிள்ளைகளின் பிளாஸ்ரிக் குதிரைப் பக்கம் அனுப்புகிறோம். அறுபது வயதுப் பெண்ணொருவர் அதில் ஏறுவாரா?

வெறும் பயங்கொள்ளிகளுக்காக எழுதப்பட்ட மடலென்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதால், நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னோடு கற்பித்த ஆசிரியர் ஒருவரின் தோளில் எறிகணைச் சிதறலொன்று இன்னும் இருக்கிறது. எடுக்காமல் விடுவதே நல்லதென்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். அவரும் அதோடு வாழப் பழகிவிட்டார். செயற்கைக்கால் பூட்டியவர்களும், சிதறல்களை உடலில் சுமப்பவர்களும், திடீரென எழும் இரைச்சலில் உடல் விறைத்துப் போகிறவர்களும் நம்மிடையே எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் உச்சிக்குப் போகும்போதெல்லாம் ஒரு சங்கொலியை அலறவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த ஒலி எழுந்த முதற் கணத்தில் அந்த ஆசிரியர் குனிந்துவிட்டார்; குனிந்ததற்காக நெடுநேரம் வெட்கப்பட்டார். அவர் தம் பிள்ளைகளோடு அந்தக் கப்பலில் ஏற விரும்பித்தான் வந்தவர். ஆகவே மென்மையான ஓட்டமென்று நான் சொல்வதில் வேகத்தோடு ஒலியும் அடங்கும். அந்த நேரத்தில் சங்கும் வேண்டாம், கண்ணைப் பறிக்கும் மின்வெட்டு விளக்கும் வேண்டாம், ஒலிபெருக்கியும் தணிந்திருக்கட்டும்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் புளியமரத்திலோ மாமரத்திலோ ஊஞ்சல் கட்டிய தலைமுறை நான். இளந்தாரிகள் இருவர் எதிரெதிரே நின்று உன்னி ஆடினால், கயிறு கிடைமட்டத்தைத் தாண்டித் தொய்ந்து, பிறகு ஒரு வெட்டு வெட்டி இறுகும். நானும் அப்படி ஆடி என் தாயாரிடம் ஏச்சு வாங்கியவன்தான். அவர்கள் இறங்கியதும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மம்மா ஏறி இருப்பார். அதே கயிறு, அதே பலகை, மெல்ல அசையும். அவருக்கென்று வேறு ஊஞ்சல் கட்டியதாக நான் அறியேன்.

எல்லாப் பொறிகளையும் மெதுவாக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தலைகீழாகச் சுற்றிவரும் வளையப் பொறிகள் உச்சியைக் கடப்பதற்கென ஒரு குறைந்தபட்ச வேகத்துடன் வடிவமைக்கப்பட்டிருக்கலாம். மரணக் கிணற்றில் ஓடும் மோட்டார் சைக்கிள் சுவரில் ஒட்டி நிற்பதே வேகத்தால்தான். அத்தகையவற்றை இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். எந்தப் பொறியை எந்த எல்லை வரை தணிக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டையும் தகுதியுள்ள பொறியியலாளரின் கருத்தையும் கொண்டு தீர்மானிப்பதே முறை. ஓய்வுபெற்ற வாத்தியாரின் கடதாசிக் கணக்கைக் கொண்டு அல்ல. மெதுவான ஓட்டம் என்பதற்காக மறிப்புக் கம்பியைப் பூட்டாமல் விடுவதையும், உயரம் போதாத பிள்ளையை ஏற்றுவதையும், கர்ப்பிணிகளும் இதய நோயாளரும் தாராளமாக ஏறலாமென்று அறிவிப்பதையும் அனுமதிக்கக் கூடாது. எப்கொட்டின் பச்சை ஓட்டத்துக்கும் உயர எல்லையும் உடல்நல எச்சரிக்கையும் இன்றும் உண்டு.

ஏற்பாட்டாளர்களுக்குச் சில சொல். இதனால் வருமானம் குறையும் என்று நீங்கள் அஞ்சுவது நியாயமே. பொறிகளைக் கொண்டுவந்து பூட்டும் செலவும், மின்பிறப்பாக்கிக்கு ஊற்றும் டீசலும், ஆட்களின் சம்பளமும் எனக்கு விளங்காதவையல்ல. ஆனால் மாலை நான்கு மணிக்குத் திடலைத் திறந்துவிட்டு, இருட்டிய பின்னர் கூட்டம் சேரும் வரை, கப்பலைக் கால்வாசி இருக்கைகளோடு நீங்கள் ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது அந்த வெறும் நேரத்தைத்தான். நான்கு மணி முதல் ஆறரை மணி வரை மென்மையான ஓட்டம் என்று வாசலில் எழுதிப் போடுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு இரண்டு ரிக்கெற் வாங்கினோம்; அப்படியொரு பலகை இருந்திருந்தால், செருப்புக்குக் காவல் நின்ற நானும் சேர்ந்து ஏழு வாங்கியிருப்போம். ஓட்டத்தின் பெயரும் ரிக்கெற்றின் விலையும் ஒன்றாகவே இருக்கட்டும். மலிவாக்கினால் அது அரை ஓட்டமென்று பெயரெடுத்துவிடும். நம்மவர்கள் அரை ஓட்டத்தில் ஏற மாட்டார்கள்.

பெரிய இராட்டினங்களின் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. 1893இல் சிக்காகோவின் உலகக் கண்காட்சியில் பெரிஸ் என்ற பொறியியலாளர் நிறுத்திய முதல் இராட்சத இராட்டினம் 264 அடி உயரமானது. அதன் 36 பெட்டிகளில் ஒவ்வொன்றும் 60 பேரை ஏற்றக்கூடியது. அது இடைநிற்காமல் ஒரு முறை சுற்றி வர ஒன்பது நிமிடம் எடுத்தது. ஒன்பது நிமிடத்துக்கு ஒரு சுற்று! அதற்கும் சனம் அலைமோதியது.

சபையிடம் நான் வேண்டுவது இவையே. அடுத்த களியாட்ட விழாவுக்கு அனுமதி வழங்கும்போது மென்மையான ஓட்ட நேரத்தை நிபந்தனையில் சேருங்கள். ஒவ்வொரு பொறியின் முன்னும் அது உடலுக்கு என்ன செய்யும், யார் ஏறக் கூடாது, எந்த இருக்கை அமைதியானது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஓட்டத்தின் நடுவில் ஒருவர் கையை உயர்த்தினால் பொறியைத் தணித்து நிறுத்த வேண்டுமென்று இயக்குபவருக்கு அறிவுறுத்துங்கள்; கூச்சலில் சிரிப்பும் அழுகையும் ஒன்றுபோலவே கேட்கும். முதலாண்டில் இதை விரும்பிச் செய்யும் ஏற்பாட்டாளருக்குக் களியாட்ட வரியில் சிறு சலுகை வழங்க முடியுமா என்பதையும் உறுப்பினர்கள் ஆராயலாம்.

கப்பல் எத்தனை பாகை வரை உயர்கிறது என்பதை அளக்க ஒரு பாகைமானியும் நூலும் சிறு கல்லும் போதும். இவை மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அடுத்த திடல் திறப்பதற்கு முதல் நாள் அழைத்தால், உங்கள் பொறியியலாளர் அருகிலிருக்க, வந்து அளந்து தருகிறேன். பேத்தியையும் அழைத்து வருவேன். இந்த வருடம் அவளுக்கு ஒன்பது வயது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.