கன்றை நக்கும் பசு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓவியங்களில் மேய்ப்பர்கள் பற்றிய கட்டுரை பிரெஞ்சு ஓவியர் மில்லே 1864இல் காட்சிக்கு வைத்த ஆடு மேய்க்கும் பெண்ணோடு நின்றுவிட்டது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பிகள் ஆயர்களைப் பாறையில் செதுக்கிவிட்டார்கள்.

கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்கிறான், சரி. ஆனால் என் கண் போவது பால் கறக்கும் ஆயரிடம்தான். பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. எங்கள் வீட்டிலும் மாடு இருந்தது. கன்றை முன்னால் கட்டினால்தான் பால் சுரக்கும். சிற்பி தொழுவத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார் போல! குழல் ஊதுபவரும் தலையில் சுமை வைத்த பெண்ணும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

முன்புறத் தூண் மண்டபம் விஜயநகர காலத்தில் எழுப்பியது. அதனால் உள்ளே வெளிச்சம் குறைவு. காலையில் போனால் நன்றாகத் தெரியும்.

– ஒரு வாசகர், செங்கல்பட்டு